சிற்றறையில் பெருஞ்சரக்கு

இடம் சிறிது, வைக்க வேண்டிய பொருளோ பெரிது. இத்தொல்லை மனிதனுக்குப் புதியதன்று. ஓரறைக் குடிலில் வாழும் ஏழைக்கும் இஃது உண்டு. பெருங்கிடங்கு வைத்திருக்கும் வணிகனுக்கும் உண்டு. பெரிய வீடாகக் கட்டிக்கொள்ளலாமே எனின், அது பொருளுடையார்க்கு மட்டுமே உரிய வழி. ஏனையோர் கண்ட வழிகள் இரண்டு. உடனடியாக வேண்டாத பொருளைத் தொலைவில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது எடுத்து வருவது ஒன்று. பொருளை மடித்துச் சுருக்கி, அதே அறையின் மூலையில் அடுக்கி வைப்பது மற்றொன்று.

கணிப்பொறியின் வரலாற்றிலும் இவ்விரு வழிகளே மாறி மாறி வருகின்றன. சிறிய நினைவகம் உடைய கருவிகள், மடித்து வைக்கும் வழியால் எவ்வாறு பிழைத்தன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். நம் நாட்டின் மலிவான கைப்பேசிகளுக்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். ஆதலின் நான் வாழும் ஜோலார்பேட்டையிலிருந்தே தொடங்குகிறேன். 1864-ஆம் ஆண்டில் பெங்களூர்ப் பாதை இங்கே பிரிந்தது முதல், எங்கள் ஊர் சந்திப்பு நிலையமாக விளங்குகிறது. 2019-ஆம் ஆண்டு சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, அவ்வாண்டு ஜூலை 12-ஆம் நாள் முதல் இங்கிருந்து நீர் நிரப்பிய இரயில் வண்டிகள் சென்றன. ஒரு வண்டிக்கு 50 பெட்டிகள். ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் நீர். தொலைவிலிருந்து எடுத்து வரும் வழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. வழி நல்லதே. ஆயின் நீர் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தாகம் காத்திருக்க வேண்டும்.

மற்றொரு வழியை அறிய ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் செல்லலாம். அங்கே பதனிட்ட தோல்களை மடித்துக் கட்டுகளாக்கி அடுக்குவர். விரித்து வைத்தால் ஒரு கூடம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் தோல், கட்டாகிவிட்டால் ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. நீரை இவ்வாறு மடிக்க இயலாது. எழுத்தையும் எண்ணையும் மடிக்க இயலும். அதுவே நம் கதையின் அடிப்படை.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கணிப்பொறியில் கணக்கிடும் உறுப்புக்குச் செயலகம் என்று பெயர். அது தான் கையாளும் செய்திகளை ‘ராம்’ எனப்படும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். நினைவகம் எழுதும் மேசை போன்றது. கைக்கு எட்டும், ஆனால் பரப்புச் சிறிது. அதற்கப்பால் வட்டு என்னும் கிடங்கு உண்டு. அது பெரிது, ஆனால் தொலைவிலுள்ளது போல மெதுவானது.

தொடக்கக் கணிப்பொறிகளின் மேசை எத்துணைச் சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கிய ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறி 1960-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதன் நினைவகம் 2,048 சொற்களையே கொண்டது. கணிப்பொறியில் சொல் என்பது ஓர் எண்ணை வைக்கும் சிற்றறை. பெருங்கணக்குகளைப் போட வந்த அறிஞர்கள், இச்சிறிய இடத்துக்குள் தம் வேலையைத் திட்டமிட்டு அடக்க வேண்டியிருந்தது.

இவ்விடர் தீர இங்கிலாந்தில் ஒரு வழி பிறந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ‘அட்லஸ்’ என்னும் கணிப்பொறியை அமைத்தனர். 1962 டிசம்பரில் அது தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உள்நினைவகம் 16,384 சொற்களைக் கொண்டது. சுழலும் உருளைக் கிடங்கோ 98,304 சொற்களைக் கொண்டது. 512 சொற்களை ஒரு ‘பக்கம்’ எனக் கொண்டு, உடனே வேண்டாத பக்கத்தை உருளைக்கு அனுப்பி, வேண்டும் பக்கத்தைக் கணிப்பொறி தானே எடுத்து வந்தது. கணக்கைப் போடுபவர்க்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகம் போலத் தோன்றின. இவ்வாறு நினைவகத்துக்கும் கிடங்குக்கும் இடையே நிகழும் மாற்றத்தையே பின்னாளில் ‘ஸ்வாப்’ என்றனர். பண்டமாற்று என்பதே அச்சொல்லின் பொருள்.

பண்டமாற்று நடந்தது, ஆனால் காத்திருப்பு நீங்கவில்லை. சுழலும் வட்டு ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லி நொடி ஆகும். மிகச் சிறு பொழுதன்றோ என்று நீங்கள் கேட்கலாம். செயலகத்துக்கு அது நெடும்பொழுது. அந்நேரத்தில் அது பல லட்சம் கணக்குகளை முடித்துவிடும்.

அவ்வாறாயின், மடித்து வைத்தால் என்ன? இங்கே மடித்தல் என்பது யாது என விளக்க வேண்டும். எங்கள் நிலையத்துக்கு இரயில்வே வழங்கிய குறி ‘ஜே.டி.ஜே.’ என்னும் மூன்று எழுத்து. ஆம்பூருக்கு ‘ஏ.பி.’, வாணியம்பாடிக்கு ‘வி.என்.’, காட்பாடிக்கு ‘கே.பி.டி.’ நாள்தோறும் பல முறை எழுதும் பெயருக்குக் குறுங்குறி இட்டால் தாளும் மிஞ்சும், நேரமும் மிஞ்சும். குறியைக் கண்டதும் நிலைய அதிகாரி முழுப் பெயரையும் பிழையின்றிச் சொல்லுவார். ஓர் எழுத்தும் இழக்கப்படவில்லை. தோலை மடித்தால் மடிப்பின் தழும்பு எஞ்சுவதுண்டு. இம்மடிப்பில் தழும்பே இல்லை.

கணிப்பொறி இவ்வேலையைத் தானே செய்யும் முறையை 1977-இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்கள் ஆபிரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவும் வெளியிட்டனர். முன்பு வந்த தொடரே மறுபடியும் வந்தால் அதனை மீண்டும் எழுதாமல், “இத்தனை எழுத்துக்கு முன்னே சென்று, இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்” என்று குறித்தால் போதும். இவ்வழியில் வந்த பல முறைகளுள் ஒன்று, ஆஸ்திரிய நாட்டு மார்க்குஸ் ஓபர்ஹூமர் அமைத்த ‘எல்.இசட்.ஓ.’ என்பது. அது மிகச் சிறிதாக மடிப்பதைவிட மிக விரைவாக மடிப்பதையும் விரிப்பதையுமே முதன்மையாகக் கொண்டது. இப்பண்பை நினைவில் வையுங்கள். பின்னர் இதுவே பெரிதும் பயன்படப் போகிறது.

இவ்விரு வழிகளையும் இணைக்கும் எண்ணம் 1991-இலேயே எழுந்தது. பக்கங்களைத் தொலைவிலுள்ள வட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே வைக்கலாம் என்று பால் வில்சன் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். 1993-இல் ஃபிரெட் டக்ளிஸ் என்பார் அதனைச் செய்து பார்த்தார். சில நிரல்கள் விரைந்தன. வேறு சில முன்னினும் மந்தமாயின. காரணம் வெளிப்படை. மடிப்பதும் விரிப்பதும் செயலகத்தின் உழைப்பு. அக்காலத்துச் செயலகத்தின் வேகம் குறைவு. கூலி மிகுதியானால் கிடங்கு வாடகையை மிச்சப்படுத்தி என்ன பயன்?

நல்ல எண்ணம் ஒன்று பிறந்தால், அதன் பெயரைச் சொல்லிப் பொருள் ஈட்டுவோரும் பிறப்பர். 1995-இல் ‘சாஃப்ட்ராம்95’ என்னும் மென்பொருள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நினைவகத்தை இருமடங்காக்கும் என்பது விளம்பரம். நினைவகச் சில்லுகள் விலையுயர்ந்திருந்த காலம்; மக்கள் விரும்பி வாங்கினர். வல்லுநர்கள் பிரித்து ஆராய்ந்தபோது, விண்டோஸ் 95-இல் அது நினைவகத்தைச் சுருக்கவே இல்லை என்பது தெரிந்தது. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தலையிட்டது; 1996-இல் வழக்குத் தீர்வு கண்டது. இப்பொய் கண்டு மெய்யான எண்ணத்தையும் பலர் ஐயுற்றிருப்பின், அதில் வியப்பில்லை.

ஆயினும் அறிஞர் சிலர் அவ்வெண்ணத்தைக் கைவிடவில்லை. 1999-இல் வில்சனும் ஸ்காட் கப்ளானும் யான்னிஸ் ஸ்மராக்டாகிஸும் மீண்டும் அதற்காக வாதாடினர். செயலகத்தின் வேகம் ஆண்டுதோறும் பெருகுகிறது. வட்டின் வேகம் அவ்வாறு பெருகவில்லை. ஆகவே மடிக்கும் கூலி நாளுக்கு நாள் குறைந்துவரும் என்பது அவர்களின் வாதம். 2003-இல் பிரேசில் நாட்டு ரோட்ரிகோ டி காஸ்ட்ரோவும் உடன் உழைத்தோரும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் அதனைச் செய்து காட்டினர். லினக்ஸ் யாவருக்கும் திறந்திருப்பது; அதன் உட்பொருளை எவரும் படிக்கலாம், திருத்தலாம்.

அத்திறந்த வாயில் வழியாக 2006-இல் நிதின் குப்தா என்னும் இளைஞர் வந்தார். மாணவர்களுக்கெனக் கூகுள் நிறுவனம் நடத்திய கோடைக்காலத் திட்டத்தில், நினைவகச் சுருக்கமே அவர் எடுத்துக்கொண்ட பணி. ‘காம்ப்கேஷ்’ என்று பெயரிட்டு அதனை வளர்த்தார். 2010 பிப்ரவரியில் அது லினக்ஸின் சோதனைப் பகுதியில் இடம்பெற்றது. பின்னர் ‘இசட்ராம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. கொரிய நாட்டு மின்சான் கிம் முதலியோர் அதனைச் செப்பம் செய்தனர். 2014 மார்ச்சு மாத இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 3.14-இல், சோதனைப் பகுதியை விட்டு அது முறைப்படி உள்ளே நுழைந்தது. 1991-இல் பிறந்த எண்ணம் நிலைபெற 23 ஆண்டுகள் ஆயின.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நினைவகத்தின் ஒரு பகுதியையே ஒரு வட்டுப் போல இசட்ராம் காட்டுகிறது. நெடுநேரம் தொடப்படாத பக்கத்தை இயங்குதளம் வழக்கம்போல ‘வட்டுக்கு’ அனுப்புகிறது. பக்கம் ஒன்றுக்கு 4,096 பைட்டுகள் என்று கொள்ளுங்கள். அது எங்கும் போவதில்லை, எல்.இசட்.ஓ. போன்ற முறையால் மடிக்கப்பட்டு, நினைவகத்திலேயே சிறு கட்டாகத் தங்குகிறது. முழுவதும் சுழியாக உள்ள பக்கம் எனின், அதற்கு ஒரு குறி மட்டுமே போதும். மீண்டும் தேவைப்பட்டால் கட்டு அவிழ்க்கப்படுகிறது. பொதுவாகப் பக்கங்கள் பாதியளவாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ மடிகின்றன. 40 மெகாபைட் சரக்கு பாதியாக மடிந்தால், 20 மெகாபைட் இடம் புதிதாகக் கிடைக்கிறது.

காலக் கணக்கையும் பார்ப்போம். இக்காலச் செயலகம் ஒரு பக்கத்தை விரிக்கச் சில மைக்ரோ நொடிகளே கொள்ளும். சுழலும் வட்டிலிருந்து எடுக்கும் நேரம் அதனைப்போல் ஆயிரம் மடங்குக்குக் குறையாது. மூலையிலுள்ள கட்டை அவிழ்க்க ஒரு நிமிடம் எனின், இரயிலில் வரவழைக்க 16 மணி நேரத்துக்கும் மேல் என்பது போன்ற வேறுபாடு இது. கைப்பேசிக்கோ மற்றோர் இடையூறும் உண்டு. அதன் சேமிப்பகமாகிய ஃபிளாஷ் சில்லு, எழுத எழுதத் தேய்வது. ஓயாமல் பண்டமாற்று நடத்தினால் அதன் ஆயுள் குறையும். ஆதலின் வட்டுள்ள பெரிய கணிப்பொறிக்கு இசட்ராம் ஒரு வசதி. சிறிய கைப்பேசிக்கோ அது பிழைக்கும் வழி.

இங்கேதான் நம் நாட்டின் கதை வந்து சேர்கிறது. 2011 அக்டோபர் 5-ஆம் நாள் டெல்லியில் ‘ஆகாஷ்’ என்னும் மலிவுவிலைப் பலகைக் கணினி மாணவர்க்கென வெளியிடப்பட்டது. அதன் நினைவகம் 256 மெகாபைட். நோக்கம் உயர்ந்தது, ஆனால் கருவி மந்தம் என்னும் குறை பரவலாக எழுந்தது. 2012 நவம்பரில் வந்த இரண்டாம் ஆகாஷில் நினைவகம் 512 மெகாபைட்டாக உயர்ந்தது. 2013 அக்டோபர் இறுதியில் வெளிவந்த ஆண்ட்ராய்டு 4.4, 512 மெகாபைட் கருவிகளிலும் இயங்குமாறு திருத்தப்பட்டது. அதற்குத் துணை நின்றவற்றுள் இசட்ராமும் ஒன்று.

2014 ஆகஸ்டில் அதனினும் துணிவான முயற்சி ஒன்று நம் கடைகளுக்கு வந்தது. மொஸில்லா நிறுவனத்தாரின் ஃபயர்பாக்ஸ் இயங்குதளம் கொண்ட ‘இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ்’ என்னும் ஸ்மார்ட்போனின் விலை 1,999 ரூபாய். நினைவகம் 128 மெகாபைட் மட்டுமே. இத்துணைச் சிறிய இடத்துக்காகவே அவ்வியங்குதளத்தைத் தனியே இளைக்கச் செய்தனர். அதில் இசட்ராமையும் சேர்த்தனர். எனினும் மடிப்பால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பெரிய இணையப் பக்கங்களைத் திறக்கையில் அக்கைப்பேசி தடுமாறியது. 2015 டிசம்பரில் மொஸில்லா அம்முயற்சியையே நிறுத்திக்கொண்டது. ஆயினும் விதை வீணாகவில்லை. அவ்வியங்குதளத்தின் வழித்தோன்றலாகிய ‘காய்’ இயங்குதளத்தைக் கொண்டு, 512 மெகாபைட் நினைவகத்துடன் 2017-இல் வந்த ஜியோபோன் எண்ணற்ற எளிய மக்களின் கைக்குப் போயிற்று.

பொருளுடையாரும் இவ்வழியைப் பின்பற்றினர் என்பதையும் சொல்ல வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2013-இலும், மைக்ரோசாஃப்ட் 2015-இல் விண்டோஸ் 10-இலும் நினைவகச் சுருக்கத்தைச் சேர்த்தன. 1999-இல் வில்சன் குழுவினர் வகுத்த சுருக்க முறையே ஆப்பிளின் கணிப்பொறிகளில் இடம்பெற்றது. 2020 அக்டோபரில் வந்த ‘ஃபெடோரா 33’ என்னும் லினக்ஸில், இசட்ராம் தொடக்கத்திலேயே இயங்குமாறு வைக்கப்பட்டது. சிற்றறையில் பழகிய சிக்கனம் மாளிகைக்கும் வழக்கமாயிற்று.

எனினும் மாணவர்களே, இதன் எல்லையையும் அறிந்துகொள்ளுங்கள். முன்பே சுருக்கி வைத்த படத்தையும் பாட்டையும் மறுபடி மடிக்க முயன்றால் பயன் சிறிது. மடித்த தோலை எத்தனை முறை மடிக்க முடியும்? அன்றியும் எந்நேரமும் எல்லாக் கட்டுகளும் வேண்டும் என்னும் நிலை வந்தால், செயலகம் அவிழ்ப்பதிலும் கட்டுவதிலுமே பொழுதைக் கழிக்கும். மின்கலமும் விரைந்து தீரும். இன்று சில கைப்பேசி விளம்பரங்களில் “4 ஜி.பி.யுடன் கூடுதலாக 4 ஜி.பி. ராம்” என்று காண்கிறீர்கள். அக்கூடுதல் புதிய நினைவகச் சில்லன்று. சேமிப்பகத்தின் ஒரு பகுதியைப் பண்டமாற்றுக்கு ஒதுக்கியதே ஆகும். அது முற்றிலும் பொய்யன்று. ஆனால் மேசையும் கிடங்கும் ஒன்றல்ல. சாஃப்ட்ராமின் கதையை அறிந்தவர், கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்.

இவையெல்லாம் பொறியியலாருக்கன்றோ வேண்டும், நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் தந்தையின் பழைய கைப்பேசியே வகுப்பறையாயிற்று. நினைவகம் நிரம்பினால் கைப்பேசி என்ன செய்யும்? பின்னணியில் உள்ள நிரலை மூடிவிடும். பாடத்தைக் கேட்டுக்கொண்டே, குறிப்பைப் பார்க்க வேறு பக்கம் திரும்பிய மாணவன் மீண்டு வரும்போது பாடம் மறைந்திருக்கும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் அருகே நின்றவன். பாடத்தின் நடுவே வெளியே நிறுத்தப்பட்ட மாணவன் எதை இழக்கிறான் என்பதை நன்கு அறிவேன். அவனை வெளியே நிறுத்துவது ஆசிரியராயினும் நினைவகக் குறையாயினும் இழப்பு ஒன்றே. சில மெகாபைட் இடத்தை மிச்சப்படுத்திய மடிப்பு, அத்தகைய மாணவர்களுள் சிலரையேனும் வகுப்பில் இருத்தியது எனின், அது சிறு தொண்டாகுமோ?

இன்னொரு பயனும் உண்டு. புதிய கருவி வாங்க வேண்டுமென்னும் எண்ணம் எழும்போதெல்லாம், பழைய கருவி குப்பைக்குப் போகிறது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்று மூலையில் உறங்குகின்றன. அவற்றுள் பழுதில்லாத ஒன்றில் எளிய லினக்ஸை நிறுவி, இசட்ராமை இயக்கிப் பார்ப்பது, கல்லூரி மாணவர்க்குச் சிறந்த செய்முறைப் பாடமாகும். மடிப்பதற்கு முன் எவ்வளவு, மடித்தபின் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். பக்கத்துக்குப் பக்கம் மடிப்பு ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடுவோர், லெம்பெலும் ஸிவும் நடந்த பாதையில் அடியெடுத்து வைத்தவராவர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. சரியான எண்ணம் தோன்றியவுடனே வெற்றி பெறுவதில்லை. காலம் கனிய வேண்டும், கூலியும் வாடகையும் ஒத்துவர வேண்டும். அதுவரை அதனைக் கைவிடாமல் காத்தவர்கள் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் கொரியாவிலும் இருந்தனர்; கோடைக்காலப் பணியாக அதனை எடுத்துக்கொண்ட ஒரு மாணவரும் இருந்தார். அவர்களுள் எவரும் பெரிய வீடு கட்டிக் கொடுக்கவில்லை. இருக்கும் சிற்றறையில் இன்னும் இருவர் அமர இடம் செய்து கொடுத்தனர்.